சேகரித்தவர் பெயர்

பி.எஸ்சி. தாவரவியல் படித்தவர்களுக்குத் தெரியும், ஹெர்பேரியம் எவ்வளவு பெரிய தலைவலி என்று. ஐம்பது செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி, கட்டாகக் கட்டிக் கொடுத்தால்தான் செய்முறைத் தேர்வில் மதிப்பெண். செடியை வேரோடு எடுத்து மண்ணை உதறி, தினத்தந்தித் தாளுக்கு நடுவே இலை மடங்காமல் விரித்து, மேலே ஒரு பலகையும் அம்மிக் குழவியும் ஏற்ற வேண்டும். ஈரம் குடித்த தாளைத் தினமும் மாற்ற வேண்டும். இரண்டு நாள் சோம்பினால் மூன்றாம் நாள் பூஞ்சை பூத்திருக்கும். எங்கள் வகுப்பில் காசுள்ள பையன்கள் இந்த வம்புக்கே போகவில்லை. சீனியர்களின் கட்டை விலைக்கு வாங்கி, லேபிளை மட்டும் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினார்கள்.

நான் அப்படிச் செய்யவில்லை என்ற கர்வம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. கொல்லிமலைக்குக் கூட்டிப்போனபோது பாறைச் சரிவில் ஒரு செடி, நெருப்பைக் கவிழ்த்துவைத்த மாதிரிப் பூத்திருந்தது. எட்டிப் பறிக்கப் பயம். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டி, கையிலிருந்த கோலைக் கீழே போட்டுவிட்டுச் சரசரவென்று ஏறிப் பறித்துக்கொண்டு வந்தார். "ஏங்கண்ணு, கண்வலிப் பூவ வெச்சு என்ன பண்ணப் போற? கையக் கழுவிக்க, கெழங்கு வெசம்" என்றார். அன்று இரவே லேபிள் எழுதினேன். குடும்பம்: லிலியேசி. பெயர்: குளோரியோசா சூப்பர்பா. இடம்: கொல்லிமலை. சேகரித்தவர்: என் பெயர்.

ஜோசப் பேங்க்ஸைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த லேபிளின் கடைசி வரி வந்து நிற்கிறது. கேப்டன் குக்கின் முதல் பயணத்தில் எண்டெவர் கப்பலில் உலகம் சுற்றிய செல்வந்தர், 41 ஆண்டுகள் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் தலைவர். தாவரவியல் படித்தவர்களுக்கு 'பேங்க்ஸியா' என்ற ஆஸ்திரேலியச் செடியின் பெயரில் அறிமுகமாகியிருப்பார். அவரிடம் முதலில் என்னைப் பிடித்திழுத்தது ஒரு சின்ன விஷயம். எண்டெவர் கப்பலில் அவர் செடிகளை அழுத்தி வைத்த தாள்களும் பழைய அச்சுத் தாள்கள்தான். மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்துக்கு எழுதப்பட்ட விளக்கக் கட்டுரைகளின் தாள்கள். நமக்குத் தினத்தந்தி, அவருக்கு மில்டன்.

பேங்க்ஸ் பிறந்தது 1743-ல், லண்டனில். குடும்பத்துக்கு லிங்கன்ஷயர் பகுதியில் ரெவெஸ்பி என்ற இடத்தில் பெரிய பண்ணையும் மாளிகையும். ஹாரோ, ஈட்டன் என்று பெரிய இடத்துப் பள்ளிகள். படிப்பு ஏறவில்லை. பதினான்கு வயதில் ஒரு மாலை, ஆற்றில் குளித்துவிட்டுத் தனியாகத் திரும்பியபோது பாதையோரப் பூக்களைப் பார்த்து, லத்தீனும் கிரேக்கமும் கிடக்கட்டும், இதைத்தான் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தாராம். யாரிடம் படிப்பது? மருந்துக் கடைகளுக்கு மூலிகை பறித்துக் கொடுக்கும் பெண்கள் இருந்தார்கள். உருப்படியான ஒவ்வொரு தகவலுக்கும் ஆறு பென்ஸ் கொடுத்து அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவருடைய முதல் ஆசிரியர்கள் அவர்கள்தான். ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் தாவரவியலுக்குப் பேராசிரியர் இருந்தார், வகுப்புதான் நடக்கவில்லை. மற்ற மாணவர்களாக இருந்தால் புலம்பிவிட்டுப் போயிருப்பார்கள். பேங்க்ஸ் கேம்பிரிட்ஜுக்குப் போய், இஸ்ரேல் லயன்ஸ் என்ற இளம் அறிஞரைச் சம்பளம் பேசி ஆக்ஸ்ஃபோர்டுக்கே கூட்டி வந்துவிட்டார். பல்கலைக்கழகத்தில் வாத்தியார் சரியில்லை என்றால் வாத்தியாரையே விலைக்கு வாங்கிவிடும் பையன். இந்தப் பழக்கம் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை.

அப்பா 1761-ல் இறந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 21 வயதில், ஆண்டுக்குச் சுமார் 6,000 பவுண்ட் வருமானம் தரும் சொத்து மகன் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் அரசுக் கடற்படையில் தேர்ந்த மாலுமிக்கு 28 நாட்கள் கொண்ட மாதத்துக்கு 24 ஷில்லிங் சம்பளம், அதாவது ஆண்டுக்குப் பதினைந்தரை பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேங்க்ஸின் ஒரு வருட வருமானத்தில் ஏறக்குறைய 385 மாலுமிகளுக்கு ஒரு வருடச் சம்பளம் கொடுக்கலாம்.

அவர் வயதுப் பணக்காரப் பையன்கள் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் சுற்றுலா போய், சிலைகள் வாங்கிக்கொண்டு திரும்புவது வழக்கம். 'எந்த மடையனும் அதைச் செய்வான், நான் உலகத்தையே சுற்றி வருவேன்' என்று பேங்க்ஸ் சொன்னதாக ஒரு கதை உண்டு. சொன்னாரோ இல்லையோ, செய்தார். 1766-ல் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் கரைகளுக்குக் கடற்படைக் கப்பல் ஒன்றில் போனது ஒத்திகை. அதே ஆண்டில் ராயல் சொசைட்டி உறுப்பினரும் ஆனார். வயது 23.

பெரிய வாய்ப்பு 1768-ல் வந்தது. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதை 1769 ஜூன் 3-ல் தாஹிட்டியிலிருந்து கவனிக்க ராயல் சொசைட்டி கப்பல் கேட்டது. மன்னர் 4,000 பவுண்ட் கொடுத்தார். நிலக்கரி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு தடித்த கப்பலைக் கடற்படை வாங்கி, எண்டெவர் என்று பெயர் மாற்றி, ஜேம்ஸ் குக்கிடம் கொடுத்தது. அதில் பேங்க்ஸ் தன் சொந்தச் செலவில் ஏறினார். தனியாக அல்ல. செடிகளுக்கு இரட்டைப் பெயர் முறையை வகுத்த சுவீடன் அறிஞர் லின்னேயஸின் மாணவர் டேனியல் சோலாண்டர், எழுத்தர் ஹெர்மன் ஸ்போரிங், ஓவியர்கள் சிட்னி பார்க்கின்சன், அலெக்சாண்டர் பக்கன், பண்ணையிலிருந்து இரண்டு வேலையாட்கள், வீட்டுப் பணியாளர்களான தாமஸ் ரிச்மண்ட், ஜார்ஜ் டோர்ல்டன் என்ற இரண்டு கறுப்பர்கள். அவரையும் சேர்த்து ஒன்பது பேர். கூடவே இரண்டு வேட்டை நாய்கள். இதற்கெல்லாம் பேங்க்ஸுக்குப் பத்தாயிரம் பவுண்ட் ஆகும் என்று ஜான் எல்லிஸ் என்ற இயற்கையியலாளர் லின்னேயஸுக்குக் கடிதம் எழுதினார். காதில் விழுந்ததை எழுதியதுதான், கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பாதி என்று வைத்தாலும் மன்னர் கொடுத்ததைவிட அதிகம்.

சுமார் 94 பேர் நெருக்கியடித்துக் கிடந்த கப்பல். குக்குக்கென்று இருந்த பெரிய அறையின் மேசை, பேங்க்ஸின் செடிகளுக்கும் ஓவியருக்கும் போனது. குக் இதைப் பெரிதாக முறையிட்டதாகத் தெரியவில்லை. பண்ணைக் கூலியின் மகனாகப் பிறந்து நாற்பதை நெருங்கும் வயதில் கேப்டன் பொறுப்புக்கு வந்தவர், 25 வயதுச் சீமான் வீட்டுப் பிள்ளையோடு மூன்று வருடம் ஒரே மேசையைப் பங்கு போட்டுக்கொண்டார். அந்த மேசையில் என்னென்ன பார்வைகள் பரிமாறப்பட்டிருக்கும் என்று அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

1769 ஜனவரி. தென் அமெரிக்காவின் தென்கோடியில் தியெர்ரா தெல் ஃபுவேகோ. அங்கே அது கோடைக்காலம். பேங்க்ஸ் ஒரு சிறு குழுவோடு மலைமேல் செடி தேடப் புறப்பட்டார். தூரத்திலிருந்து புல்வெளி போலத் தெரிந்தது, போய்ப் பார்த்தால் இடுப்பளவு குறும்புதர். உச்சியில் பேங்க்ஸ் எதிர்பார்த்த மலைச் செடிகள் கிடைத்தன. நடுவழியிலேயே பக்கனுக்கு வலிப்பு வந்துவிட்டது. திரும்புவதற்குள் பனி கொட்ட ஆரம்பித்தது. சுவீடன்காரரான சோலாண்டருக்கு இந்தக் குளிர் பழக்கம். 'உட்கார்ந்தால் தூங்கிவிடுவீர்கள், தூங்கினால் எழமாட்டீர்கள்' என்று எல்லோரையும் எச்சரித்தவர் அவர்தான். முதலில் படுத்தவரும் அவர்தான். அடுத்தது ரிச்மண்ட்.

சோலாண்டரை இழுத்துப் பிடித்து நெருப்பு மூட்டிய இடத்துக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். ரிச்மண்டால் நகர முடியவில்லை. டோர்ல்டனும் இன்னொருவரும் அவரோடு தங்கினார்கள். கூட்டத்திடமிருந்த ரம் பாட்டிலும் அவர்களோடு இருந்தது. குடித்தார்கள். குளிரில் சாராயம் சூடு தருவது போல இருக்கும், உண்மையில் உடம்பின் சூட்டை வெளியே விரட்டும். காலையில் ரிச்மண்டும் டோர்ல்டனும் செத்துக் கிடந்தார்கள், பக்கத்தில் பேங்க்ஸின் நாய் உயிரோடு. மிஞ்சியவர்கள் சுட்டுப்பிடித்த ஒரு கழுகைப் பங்கு போட்டு, ஆளுக்கு மூன்று வாய் தின்றுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தார்கள்.

பேங்க்ஸ் இரக்கமில்லாதவர் அல்ல. அந்த இரவை நாட்குறிப்பில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார், அவர்களைத் தூக்கிவர முயன்றதையும் சொல்கிறார். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. ரிச்மண்டும் டோர்ல்டனும் எங்கே பிறந்தார்கள், வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில் கிடையாது. அன்று உச்சியில் பறித்த செடிகள் எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு.

தாஹிட்டியில் மூன்று மாதம். இது பற்றி எழுதப்பட்டது ஏராளம், அதிலும் பேங்க்ஸின் காதல்கள் பற்றி அளவுக்கு மீறி. எனக்குப் பிடித்தது ஈக்கள். பார்க்கின்சன் வரைந்து வண்ணம் தீட்டத் தீட்ட, ஈக்கள் வந்து தாளிலிருந்த வண்ணத்தையே தின்றுவிட்டன. மேசை, நாற்காலி, ஓவியர், ஓவியம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கொசுவலைக்குள் மூடிப் பார்த்தார்கள். அது போதாமல், வலைக்குள்ளேயே ஈக்களுக்குப் பொறியும் வைத்தார்கள். தாஹிட்டியில் இறங்கிய நான்காம் நாளே பக்கன் இறந்துவிட்டதால் இரண்டு ஓவியர் வேலையும் பார்க்கின்சன் தலையில். எடின்பரோவில் பிறந்தவர், குவாக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், வயது இருபத்து சொச்சம், ஆண்டுச் சம்பளம் 80 பவுண்ட்.

தாஹிட்டியில்தான் துபாயாவும் கப்பலில் ஏறினார். ராயாத்தேயா தீவைச் சேர்ந்தவர், பூசகர், கடல்வழி அறிந்தவர். பல தீவுகளின் திசையும் தூரமும் அவர் மனத்தில் இருந்தன. அவரை ஏற்றிக்கொள்ள குக் தயங்கினார். ஊர் திரும்பினால் அரசாங்கம் இவரை யார் கணக்கில் சேர்க்கும்? பேங்க்ஸ் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அன்று நாட்குறிப்பில் எழுதியதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நடந்தேன். அக்கம்பக்கத்துப் பணக்காரர்கள் சிங்கமும் புலியும் வளர்க்கிறார்கள், அதைவிடக் குறைந்த செலவில் இவரை ஒரு அதிசயப் பொருளாக நான் ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதியிருக்கிறார். பேங்க்ஸைப் பிடித்துப்போயிருந்த எனக்கு அந்த வாக்கியம் இன்று வரை செரிக்கவில்லை.

அந்த 'அதிசயப் பொருள்' நியூசிலாந்தில் கப்பலையே காப்பாற்றியது. மாவோரி மக்களின் மொழி துபாயாவின் மொழிக்கு நெருக்கம், பேசினால் புரிந்தது. அவர் இருந்தும் முதல் இரண்டு நாட்களில் துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள். தன் வாழ்நாளில் கண்ட மிக மோசமான நாள் என்று பேங்க்ஸ் அதைக் கறுப்பு நாளாகக் குறித்திருக்கிறார்.

1770 ஏப்ரல் கடைசியில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை. குவேகல் மக்கள் இரண்டு பேர் ஈட்டியோடு நின்று, இறங்காதே என்று தடுத்தார்கள். துப்பாக்கி வெடித்தது. அவர்கள் விலகிய பிறகு, ஆளில்லாத குடிசைகளிலிருந்து நாற்பது ஐம்பது ஈட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரிக்குச் சேர்ந்த நான்கு ஈட்டிகள் 2024-ல்தான் அந்த மக்களிடம் திரும்பிப் போயின.

அங்கே செடிகளுக்குக் கணக்கே இல்லை. ஐரோப்பாவில் எவரும் பார்த்திராத இனங்கள். மே 3-ம் தேதி பேங்க்ஸ் வேறு எந்த வேலையும் செய்யவில்லை. ஏறக்குறைய 200 குயர் உலர்த்தும் தாள்களைக் கரைக்கு இறக்கி, ஒரு பாயை மணலில் விரித்து, அதன்மேல் தாள்களைப் பரப்பி, நாள் முழுக்க வெயிலில் காயவைத்தார். பெரும்பாலான தாள்களில் செடி. குயருக்கு 24 தாள் என்றால் கிட்டத்தட்ட ஐயாயிரம் தாள்! தாள் மாற்றி மாற்றி விரல் வெளுத்த எவருக்கும் அந்த நாளின் சந்தோஷம் புரியும். பார்க்கின்சன் பதினான்கு நாளில் 94 கோட்டோவியங்கள் வரைந்து முடித்தார், செடி வாடுவதற்குள். முழுக்க வண்ணம் தீட்ட நேரமில்லை, எந்த இடத்தில் என்ன நிறம் என்று எழுதி வைத்துக்கொண்டார். அந்தக் குடாவுக்கு முதலில் திருக்கை மீனை வைத்துத்தான் பெயர் வைத்தார் குக். பிறகு தாவரவியல் குடா என்று பொருள்படும்படி பாட்டனி பே ஆனது.

இங்கே கொஞ்சம் முன்னால் தாவிவிடுகிறேன். 1779-ல், கைதிகளை எங்கே அனுப்புவது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது பேங்க்ஸ் சாட்சி சொன்னார். பாட்டனி பே உகந்த இடம் என்றார். மண் நல்லது, எதிர்ப்பு இருக்காது, அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஐம்பது பேருக்கு மேல் வசிப்பதாகத் தோன்றவில்லை என்றார். அவர் அங்கே இருந்தது ஒரு வாரம், அதுவும் செடிகளைக் குனிந்து பார்த்தபடி. 1788 ஜனவரியில் பதினொரு கப்பல்கள் கைதிகளோடு வந்து இறங்கிப் பார்த்தால் விவசாயத்துக்கு ஏற்ற மண்ணும் இல்லை, நல்ல தண்ணீரும் போதவில்லை. சில நாட்களிலேயே வடக்கே இன்றைய சிட்னிக்குப் போய்விட்டார்கள். தாவரவியலாளரின் சொர்க்கம் உழவனின் சொர்க்கமாக இருக்க வேண்டியதில்லை. ஆள் இல்லாத இடம் என்று அவர் சொன்னதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1770 ஜூன் 11 இரவு எண்டெவர் பவளப்பாறையில் ஏறி மாட்டிக்கொண்டது. பீரங்கிகளைத் தூக்கிக் கடலில் எறிந்து, ஓட்டையைப் பாயால் அடைத்து, ஒரு ஆற்றுமுகத்துக்கு இழுத்து வந்தார்கள். பழுது பார்க்கக் கப்பலின் முன்பக்கத்தைக் கரையில் ஏற்றியபோது உள்ளேயிருந்த தண்ணீரெல்லாம் பின்பக்கம் ஓடியது. பத்திரமாக இருக்கட்டும் என்று பேங்க்ஸ் தன் செடிகளை வைத்திருந்தது அங்கேதான், ரொட்டி அறையில். பெரும்பகுதியைக் காய வைத்துக் காப்பாற்றினார்கள், சில அடியோடு அழுகிப்போயின. அதே ஆற்றங்கரையில்தான் கங்காருவைப் பார்த்தார்கள். பேங்க்ஸின் வேட்டை நாயால் உயரமான புல்லில் அதைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை. கூகு யிமிதிர் மக்கள் சொன்ன 'கங்குரு' என்ற சொல்தான் உலகம் முழுக்கப் பரவியது.

அதுவரை நோயால் பெரிய சேதம் இல்லை. குக் எல்லோருக்கும் முட்டைக்கோஸ் ஊறுகாய் கொடுத்துவந்தார், ஈறு வீங்கியபோது பேங்க்ஸ் எலுமிச்சைச் சாறு குடித்துத் தேறினார். பட்டேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், எல்லாம் தலைகீழானது. டச்சுக்காரர்கள் வெட்டிய கால்வாய்களில் தேங்கிய நீர், கொசு, மலேரியா, சீதபேதி. துபாயாவோடு வந்த பணியாள் சிறுவன் தையத்தா இறந்தான், சில நாளில் துபாயாவும். காய்ச்சலில் விழுந்த பேங்க்ஸும் சோலாண்டரும் நகருக்கு வெளியே ஒரு வீடு எடுத்தார்கள். பார்த்துக்கொள்ள ஆளுக்கொரு மலாய்ப் பெண்ணை விலைக்கு வாங்கினார்கள். ஆமாம், விலைக்கு. பெண்களுக்கே உரிய கனிவு இங்கேயும் இருக்கும் என்று நம்பி வாங்கியதாக எழுதுகிறார். பிழைத்துக்கொண்டார்கள். கப்பல் புறப்பட்ட பிறகு, 1771 ஜனவரியின் கடைசி நாட்களில் ஸ்போரிங்கும் பார்க்கின்சனும் அடுத்தடுத்து இறந்து கடலில் இறக்கப்பட்டார்கள். ஜூலையில் இங்கிலாந்து சேர்ந்தபோது ஒன்பது பேரில் நால்வர் மிச்சம்.

கூட வந்தவை: 30,000-க்கும் மேற்பட்ட உலர்செடிகள். அவற்றில் சுமார் 1,400 இனங்கள் அறிவியலுக்குப் புதியவை. லண்டனே பேங்க்ஸைக் கொண்டாடியது. அன்றைய பத்திரிகைகளுக்கு அது பேங்க்ஸின் பயணம்தான், குக் ஓட்டுநர் மாதிரி. பார்க்கின்சனின் அண்ணன் மட்டும் தம்பியின் தாள்களைக் கேட்டுச் சண்டைக்கு வந்தார். பேங்க்ஸ் 500 பவுண்ட் கொடுத்தார், சண்டை ஓயவில்லை.

புகழ் தலைக்கேறியது. 1772-ல் குக்கின் இரண்டாம் பயணத்துக்கு, இசைக்காரர்கள் உட்பட ஒரு பட்டாளத்தையே சேர்த்துக்கொண்டு, ரெசல்யூஷன் கப்பலில் தனக்காக ஒரு மேல்தளம் கட்ட வைத்தார். கப்பல் தலைகனத்துத் தள்ளாடியது. கடற்படை மேல்தளத்தைப் பிரித்துவிட்டது. அதைப் பார்த்த பேங்க்ஸ் துறைமுகத்தில் நின்று காலை உதைத்து, பைத்தியம் போல வசைபாடினாராம். பயணத்திலிருந்து விலகிக்கொண்டு, ஐஸ்லாந்துக்குப் போய் எரிமலை பார்த்துவிட்டு வந்தார். அதோடு அவருடைய நெடும்பயணங்கள் முடிந்தன, 29 வயதில்.

இதில் ஒரு கிளைக்கதை. குக் மடீராத் தீவை அடைந்தபோது, பர்னெட் என்ற ஒருவர் பேங்க்ஸோடு சேர்ந்துகொள்ள மூன்று மாதமாக அங்கே காத்திருந்துவிட்டு, அவர் வரவில்லை என்று தெரிந்ததும் கிளம்பிப் போயிருந்தார். நடை உடையெல்லாம் பார்த்தால் அவர் பெண் என்பதில் சந்தேகமில்லை என்று குக் குறும்பாகக் கடிதம் எழுதினார். பிரெஞ்சுக்காரர்களின் கப்பலில் இதே கதை நிஜமாகவே நடந்திருந்தது. ழான் பாரே என்ற பெண், ஆண் வேடத்தில், கொமெர்சொன் என்ற தாவரவியலாளரின் உதவியாளராகப் போனார். நம் வீட்டு வாசல்களில் காகிதப்பூ, போகன்வில்லா என்று வளர்க்கிறோமே, அந்தச் செடியை ரியோ டி ஜெனிரோவில் அவர்கள்தான் சேகரித்தார்கள். பெயர் போனது கப்பல் தலைவர் பூகன்வில்லுக்கு.

எண்டெவர் செடிகளைப் படங்களோடு பெரிய நூலாகப் போட வேண்டும் என்பது பேங்க்ஸின் திட்டம். பார்க்கின்சன் முடிக்காமல் விட்டவற்றை வேறு ஓவியர்களைக் கொண்டு முடித்தார். பதினெட்டு செதுக்குக் கலைஞர்கள் 743 செப்புத் தகடுகள் செதுக்கினார்கள், எல்லாம் சொந்தக் காசில். 1782-ல் சோலாண்டர் பக்கவாதத்தில் இறந்தார். அதற்குப் பிறகு அந்த நூல் வரவேயில்லை. பணம் இருந்தது, தகடுகள் இருந்தன, இன்னும் 38 ஆண்டு ஆயுளும் இருந்தது. விளக்கவுரை எழுதி வந்த கை போய்விட்டது, இன்னொரு கையைத் தேட அவருக்கு மனம் வரவில்லை என்பது என் ஊகம். சோலாண்டரை அவர் உண்மையாகவே நேசித்தார். அந்தத் தகடுகள் முழுமையாக வண்ணத்தில் அச்சானது 1980-க்கும் 1990-க்கும் இடையில், நூறே பிரதிகள்.

பிற்பாதி வாழ்க்கை லண்டனின் சோஹோ சதுக்கத்து 32-ம் எண் வீட்டில். நூலகமும் ஹெர்பேரியமும் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்தே இருந்தன. 1778-ல் ராயல் சொசைட்டி தலைவரானார். லண்டனை ஒட்டிய அரச தாவரத் தோட்டமான கியூவுக்கு மன்னரின் ஆலோசகர். தானே போகாமல் ஆட்களை அனுப்பினார். கலகம் வெடித்த பவுண்டி கப்பல் தாஹிட்டிக்குப் போனதும் ஈரப்பலாக் கன்றுகளுக்காகத்தான், அதன் பின்னாலும் இவர்தான்.

நம் பக்கமும் அந்த வலையின் நூல்கள் நீண்டன. தரங்கம்பாடிக்கு மிஷன் மருத்துவராக வந்த கோனிக், லின்னேயஸின் இன்னொரு மாணவர். பிறகு ஆற்காடு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் வேலை பார்த்தார். 1785-ல் இறக்கும்போது தன் குறிப்புகளையெல்லாம் பேங்க்ஸுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். கம்பெனியின் தாவரவியலாளர் ராக்ஸ்பரோ சோழமண்டலக் கரைச் செடிகளை வரையவைத்து அனுப்பிய படங்களிலிருந்து 300-ஐத் தேர்ந்து நூலாக்கியது பேங்க்ஸின் மேற்பார்வையில். வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். அட்டையில் ராக்ஸ்பரோ. கொழும்பு கொம்பனித்தெருவில் கியூ வீதி என்று ஒன்று உண்டு, பேங்க்ஸின் யோசனைப்படி 1810-ல் அங்கே திறந்த தோட்டத்தின் எச்சம் அந்தப் பெயர்.

மெட்ராசில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர், சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை இங்கேயே கண்டுபிடித்துவிட்டதாக நம்பி, 1786-லிருந்து பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். ஸ்பெயினின் ஏகபோக வியாபாரம் அது, உடைத்தால் கொள்ளை லாபம். பூச்சி அதுவல்ல என்று தெரிந்த பிறகும் ஆசை விடவில்லை. பூச்சி தின்னும் சப்பாத்திக்கள்ளிக்காக சைதாப்பேட்டையில் தோட்டமே போட்டார்கள். கடைசியில் 1795-ல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது மட்டரகச் சாயம் தரும் வேறொரு பூச்சி. சாயம் உருப்படவில்லை, பூச்சி கள்ளியை மட்டும் ஆசை தீரத் தின்றது. நாற்பது ஆண்டு கழித்து, புதராக மண்டிப்போன ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியை அழிக்க அதே பூச்சியைத் தென்னாட்டுக்குக் கொண்டு வந்து விட்டார்கள். பூச்சியை ஏவிக் களையைக் கொன்ற ஆரம்பகால வெற்றிகளில் ஒன்றாக அதைப் பாடப்புத்தகங்களில் சொல்கிறார்கள். எங்கள் ஊர் வேலிக் கள்ளியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருப்பதை நசுக்கி, சிவந்த விரலைக் காட்டி 'ரத்தம்' என்று அம்மாவைப் பயமுறுத்தியிருக்கிறேன். இந்த வம்சத்துப் பூச்சிதான் அது.

பேங்க்ஸின் பெருந்தன்மைக்கும் ஒரு கதை சொல்ல வேண்டும். பிரான்சோடு போர் நடந்த காலம். லாபில்லார்தியேர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரின் சேகரிப்பு முழுவதும் பிரிட்டிஷ்காரர்கள் கையில் சிக்கியது. அரச குடும்பத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கும். பேங்க்ஸ் போராடி, 1796-ல் அப்படியே பிரான்சுக்குத் திருப்பி அனுப்பினார். உயிரைப் பணயம் வைத்துச் சேர்த்தவரிடமிருந்து ஒரு இலையோ பூவோ, தாவரவியல் யோசனையோ கூட எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதினார். படிக்கும்போது கண் கலங்கும். அடுத்த நிமிடம் அந்த ஈட்டிகள் நினைவுக்கு வரும். எதிரி நாட்டுக்காரர் என்றாலும் பிரெஞ்சுக்காரர் அவருக்குச் சக சேகரிப்பாளர். குடிசையில் ஈட்டியைச் செய்து வைத்திருந்தவர் அந்தக் கணக்கில் வரவில்லை.

வயதான பேங்க்ஸைக் கீல்வாதம் முடக்கியது. கடைசிப் பதினைந்து ஆண்டுகள் சக்கர நாற்காலியில். 1820 ஜூனில் இறந்தார். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் துபாயாவைப் பற்றிச் சொல்கிறார். துபாயா கப்பலில் படம் வரையக் கற்றுக்கொண்டார், ஓரளவு புரியும்படியே வரைவார். என்னையே ஒரு படத்தில் வரைந்தார், ஒரு கையில் ஆணியை வைத்துக்கொண்டு ஒருவரிடம் சிங்கி இறால் வாங்குகிறேன், மறுகையால் இறாலை இறுகப் பிடித்திருக்கிறேன், சரக்கு கைக்கு வரும்வரை ஆணியை விடமாட்டேன் என்கிற உறுதியோடு, என்று.

அந்தக் கடிதம் 1997-ல் ஓர் ஆய்வாளர் கண்ணில் படும்வரை, எண்டெவரில் வரையப்பட்ட பத்துக்கு மேற்படாத சில வண்ணப் படங்களை யார் வரைந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பேங்க்ஸே வரைந்திருக்கலாம் என்றுகூட நினைத்தார்கள். பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள அவற்றை இப்போது இணையத்தில் துபாயா பெயரோடு பார்க்கலாம். கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு வெள்ளைக்காரர், மேலாடை போர்த்திய ஒரு மாவோரி, நடுவே கொழுத்த இறால். பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைக்காரர் கையில் இருப்பது ஆணி போலத் தெரியவில்லை, வெளுத்த துணியோ தாளோ மாதிரி இருக்கிறது.